இஞ்சுக்குப் பதினான்கு மரை

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அத்தானும் உன் மருமகள் குருவியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன முறை வந்தபோது நீ சட்டையைப் போட்டிருந்த மாதிரி இல்லை, சட்டைதான் உன்னைப் போட்டிருந்தது.

ஒரு காரியமாகத்தான் இதை எழுதுகிறேன். ஐஸ் ஆலையில் அத்தான் ஓட்டும் கம்ப்ரஸர் உனக்குத் தெரியும். அத்தான் பிறக்கும் முன்பே அங்கே வந்து உட்கார்ந்த இயந்திரம். அதன் தலைமூடியை ஆறு போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. சென்ற வாரம் இரண்டு முறிந்துவிட்டன. முறிந்த துண்டுகளை அத்தான் மெதுவாகத் துளைத்து எடுத்துவிட்டார். துளைகளுக்குள் திருகாக ஓடும் மரைக்குச் சேதமில்லை என்கிறார். ஆனால் அவற்றுக்குள் போக ஒரு போல்ட் கிடைக்கவில்லை. முதலாளி வாங்கித் தந்த பத்து மில்லி போல்ட் உள்ளே போய் லொடலொடவென்று ஆடுகிறது. பன்னிரண்டு மில்லி வாசலிலேயே நின்றுவிடுகிறது.

முதலாளி என்ன சொன்னார் தெரியுமா? "கிடைக்கிற வரைக்கும் நாலுல ஓட்டு. மாடே நாலு காலுலதானே நிக்குது!"

நாலு போல்ட்டில் முழு அழுத்தம் கொடுக்க அத்தானுக்குப் பயம். உள்ளே இருப்பது அம்மோனியா. பாதி அழுத்தத்தில் ஓட்டுகிறார், ஐஸ் உறைய இரண்டு மடங்கு நேரமாகிறது. மீன் படகுகள் வேறு இடம் தேடிப் போகத் தொடங்கிவிட்டன. இப்படியே போனால் ஆலையை மூடுவேன் என்கிறார் முதலாளி. ஆலை போனால், ஆலை தந்த இந்த வீடும் போகும்.

நீ போல்ட்டுக் கடையில் வேலை பார்ப்பதால் உலகத்து போல்ட் எல்லாம் உன் சட்டைப்பையில் இருக்கிறதென்று உன் அத்தானுக்கு நினைப்பு. பார்த்துச் சொல்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா

*

ஜனவரி 22

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தில் பாதி என் உடம்பைப் பற்றி, பாதி கம்ப்ரஸரின் உடம்பைப் பற்றி. இரண்டில் என்னுடையது பரவாயில்லை. டயர்க் கடைக்கு மேலே அதே அறைதான். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை, மூடினால் அறைத்தோழனின் காலுறை வாடை.

மில்லிக் கணக்கில் அடங்காத போல்ட் என்றால் அது பழைய இஞ்ச் கணக்கு. பத்தில் ஆடுகிறது, பன்னிரண்டில் நுழையவில்லை என்றால், நடுவே இருப்பது மூன்றரை நூல். அரைக்கால் இஞ்சை எங்கள் கடையில் ஒரு நூல் என்போம். பருமன் தெரிந்தால் மட்டும் போதாது அக்கா, ஓர் இஞ்ச் நீளத்துக்குள் எத்தனை மரை ஓடுகிறது என்பதும் தெரிய வேண்டும். மரை கழண்டவர்களை எண்ணுவது சுலபம், எங்கள் கடையிலேயே மூன்று பேர் உண்டு. மரையை எண்ணுவதுதான் சிரமம்.

நல்ல நிலையில் இருக்கும் நாலில் ஒன்றை, இயந்திரத்தை நிறுத்தியிருக்கும் நேரம் பார்த்து அத்தானைக் கழற்றச் சொல். அதை எனக்கு அனுப்பிவிடாதீர்கள், அப்புறம் மூன்று காலில் நிற்க வேண்டும். போல்ட்டில் கரியைத் தடவி வெள்ளைத் தாளில் அழுத்தி வை. மரையின் வரிகள் பதியும். தையல் டேப்பை வைத்து ஓர் இஞ்சுக்குள் எத்தனை வரி என்று எண்ணி, தாளையும் அனுப்பு.

குருவிக்கு என் முத்தம். இருமல் விட்டதா அவளுக்கு?

தம்பி

*

பிப்ரவரி 7

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் மூவரும் சௌக்கியம். குருவியின் இருமல் போய்விட்டது, வாய்தான் ஓயவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தொட்டி கழுவ ஆலையை நிறுத்தினார்கள். அத்தான் ஒரு போல்ட்டைக் கைக்குட்டையில் சுற்றி, திருடிக்கொண்டு வருபவர் மாதிரி எடுத்து வந்தார். என் தையல் மேசையில் வைத்துப் பார்த்தோம். நான் எண்ணினேன், பதினான்கு. அவர் எண்ணினார், பதின்மூன்று. "ஒனக்குக் கண்ணு ரெண்டா தெரியுதா?" என்றார். "ஊசியில நூல் கோக்கிறவ நான், நீங்களா?" என்றேன். கடைசியில் குருவியை எண்ணச் சொன்னோம். அவளும் பதினான்கு என்றாள். எங்கள் வீட்டில் யார் சொல் நிற்கும் என்று உனக்குத் தெரியுமே.

ஒன்று மட்டும். மரையின் முகடுகள் கூராக இல்லை. விரலால் தடவினால் வழவழவென்று உருண்டையாக இருக்கின்றன. கடையில் வாங்கும் புது போல்ட் சுரண்டுமே, அந்த மாதிரி இது சுரண்டவில்லை. அத்தானிடம் சொன்னேன். "அத்தனை வருஷம் ஓடினா மலையே மழுங்கிப்போகும்" என்றார். தேய்மானம்தான் போலிருக்கிறது.

தாளை உள்ளே வைத்திருக்கிறேன், மடிப்பில் கரி உதிராமல் பார்த்துக்கொள். சீக்கிரம் தேடு தம்பி. பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள்.

அன்புடன்
அக்கா

*

மார்ச் 1

அன்புள்ள அக்கா, அத்தான்,

கிடைத்துவிட்டது! சுகம் விசாரிப்பதையெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

இந்தத் தெருவில் ஏறி இறங்காத கடையில்லை. எல்லாம் மில்லி, மில்லி, மில்லி. இஞ்ச் என்று சொன்னால் காதில் விழாத மாதிரி பார்க்கிறார்கள். ஒருவர் சொன்னார்: "இஞ்சா? இஞ்சி வேணும்னா காய்கறி மார்க்கெட்டுக்குப் போப்பா." என் கடைக்காரரோ, சாப்பாட்டு நேரத்தில் ஊர் சுற்றுகிறேன் என்று முறைக்கிறார்.

போன சனிக்கிழமை பஸ் பணிமனைக்குப் பின்னால் உள்ள பழைய இரும்புக் கிடங்குக்குப் போனேன். ஒரு ரோடு போடும் வண்டியைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு டின் நிறைய போல்ட், கருப்பு எண்ணெயில் ஊறிக் கிடந்தது. மூழ்கி எடுத்தேன் என்றே சொல்ல வேண்டும். மூன்றரை நூல் பருமனில் இரண்டே இரண்டு. மரை அளக்க எங்களிடம் சீப்பு மாதிரி ஒரு கருவி உண்டு. பதினான்கு பல் சீப்பை வைத்தேன், அப்படியே உட்கார்ந்தது. உன் தாளின் மேல் வைத்துப் பார்த்தேன், வரிக்கு வரி சரியாக விழுந்தது. தலையில் மூன்று கோடு போட்டிருக்கிறது. அது உறுதியான ரகத்துக்கு அடையாளம் என்றார் கிடங்குக்காரர்.

இதன் முகடு கூராக இருக்கிறது. உங்களுடையது தேய்ந்தது, இது தேயாதது, அவ்வளவுதான்.

பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அத்தான், முதலில் விரலால் திருகிப் பாருங்கள், ஸ்பேனரை அப்புறம் எடுங்கள்.

எல்லோரும் நலம்தானே?

தம்பி

*

மார்ச் 18

என் தங்கத் தம்பிக்கு,

போல்ட் வந்தது, பொருந்தியது! விரலால் திருகியதும் கடைசி வரைக்கும் போய்விட்டதாம். வீட்டுக்குள் நுழையும்போதே "ஒன் தம்பி தம்பிதான்!" என்று கத்திக்கொண்டே வந்தார். இதற்கு முன் அவர் உன்னைப் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

இப்போது ஆறு போல்ட்டும் இருக்கிறது. முந்தாநாள் முதல் முழு அழுத்தத்தில் ஓடுகிறது. சுவர் வழியாக அந்தச் சத்தம் கேட்கிறது. முதலாளி தானே வந்து அத்தானின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். போன படகுகளில் பாதி திரும்பிவிட்டன. ஆலைக்கு வெளியே வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. குருவி தன் வகுப்பில் எல்லோரிடமும், எங்க மாமாதான் ஐஸ் செய்யிறார் என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

உன் அத்தான் இரண்டு வரி எழுத வேண்டுமாம், பேனாவைப் பிடுங்குகிறார்.

*மாப்பிள்ளை, நீ அனுப்பியது போல்ட் இல்லை, எங்க சோறு. லீவு போட்டு வா. முழு வேகத்தில் அது ஓடுறத நீ பக்கத்துல நின்னு பாக்கணும். ரொம்ப நாள் கழிச்சு நிம்மதியாத் தூங்குறேன். அத்தான்.*

பார், எழுத்து கோணலாக இருந்தாலும் மனசு நேராக இருக்கிறது. உடம்பைக் கவனி.

அக்கா

*

ஏப்ரல் 5

அக்கா,

இந்தக் கடிதம் கிடைத்த உடனே அத்தானிடம் காட்டு. அந்த இரண்டு போல்ட்டையும் கழற்றச் சொல். கழற்றும் வரை இயந்திரத்தை ஓட்டக் கூடாது.

இன்று காலை கப்பல் மெக்கானிக் ஒருவர் கடைக்கு வந்தார். சின்ன வயசுக்காரர்தான். பழைய பம்ப் ஒன்றுக்கு போல்ட் கேட்டார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்த உன் கரித்தாளைப் பார்த்துவிட்டு, இது எந்த இயந்திரத்துடையது என்று விசாரித்தார். நானும் பெருமையாகக் கதையைச் சொன்னேன்.

"தலையில கோடு இருந்துச்சா?" என்றார்.

"மூணு கோடு."

"அது அமெரிக்க மரைங்க. உங்க மெஷின்ல இருக்கிறது பழைய விட்வொர்த், இங்கிலீஷ்காரன் மரை. மூணரை நூல்ல ரெண்டுக்கும் இஞ்சுக்குப் பதினாலுதான். அதனால கையால திருகினா போயிரும். ஆனா மரையோட கோணம் வேற. அது அறுபது டிகிரி, இது அம்பத்தஞ்சு. ஒண்ணோட ஒண்ணு முழுசா உட்காராது, ஓரத்துல மட்டும்தான் தொடும். பாரம் ஏறினா உரிஞ்சிட்டு வந்துரும்."

முகடு உருண்டையாக இருந்ததே, அது தேய்மானம் இல்லையாம். விட்வொர்த் மரையை அப்படி உருண்டையாகத்தான் வெட்டுவார்களாம். நீ சரியாகத்தான் கவனித்திருக்கிறாய்.

பழையபடி நாலில், பாதி அழுத்தத்தில் ஓட்டட்டும். முதலாளி கத்தினால் கத்தட்டும். சரியானதை நான் எப்படியாவது தேடி அனுப்புகிறேன். கழற்றியாயிற்று என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடு.

தம்பி

*

ஏப்ரல் 29

அன்புள்ள அக்கா,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கடையிலிருந்து ஆலை ஆபீஸுக்கு போன் செய்தேன், பல தடவை. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பார் இல்லை. வேலை அதிகம், மூச்சுவிட நேரமிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். என்மேல் கோபமென்றால் திட்டியாவது எழுது. நீ திட்டி எழுதினால் இரண்டு பக்கம் வரும், படிக்க நன்றாகத்தான் இருக்கும்.

போல்ட்டைக் கழற்றிவிட்டீர்கள்தானே?

அத்தான் எப்படி இருக்கிறார்? குருவி?

தம்பி

*

மே 20

அன்புள்ள தம்பிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எல்லோரும் இருக்கிறோம். உன் இரண்டு கடிதமும் கிடைத்தன.

நீ கவலைப்பட ஒன்றுமில்லை. உன் கடிதம் வந்த அன்றே கழற்றியாகிவிட்டது. ஆலையைப் பழுது பார்ப்பதற்காகக் கொஞ்ச காலம் மூடியிருக்கிறார்கள். அதனால்தான் போன் எடுக்கவில்லை. நாங்களும் வீடு மாற்றிவிட்டோம். சந்தைத் தெருவில் தையல் கடைக்குப் பின்புறம் ஓர் அறை. எனக்கு வேலை முன்னால், வீடு பின்னால், நடக்கிற சிரமமில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளுக்கு ஓரம் அடிக்கும் வேலை நிறைய வருகிறது.

அத்தானுக்குக் கண்ணில் கொஞ்சம் எரிச்சல். வைத்தியம் நடக்கிறது. அதனால் இந்தத் தடவை அவர் எழுதவில்லை.

இனி போல்ட் தேட வேண்டாம். முதலாளி ஏதோ வேறு ஏற்பாடு செய்கிறாராம். நீ இப்போது இங்கே வரவும் வேண்டாம், ஓர் அறையில் படுக்க இடமிருக்காது. உன் வேலையைப் பார். கடைக்காரரைப் பகைத்துக்கொள்ளாதே.

அக்கா

*

ஜூன் 11

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததும் கடையின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏப்ரல் முழுக்க நான் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது சொன்னால் பரவாயில்லைதானே.

தேட வேண்டாம் என்று நீ எழுதும் முன்பே நான் தேடிவிட்டேன். அந்த மெக்கானிக்கே வழி சொன்னார். துறைமுகத்தில் ஒரு பழைய இழுவைப்படகை உடைக்கிறார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே போனேன். இந்த முறை ஏமாறவில்லை. எண்ணிக்கை பார்த்தேன், அப்புறம் ஐம்பத்தைந்து டிகிரிச் சீப்பை வைத்து விளக்குக்கு நேரே பிடித்தேன். சீப்புக்கும் போல்ட்டுக்கும் நடுவே துளி வெளிச்சம் வரவில்லை. முகடு உருண்டை. ஆறு எடுத்திருக்கிறேன், மொத்தமாக மாற்றிவிடலாம்.

பார்சலில் போட மனமில்லை, நானே கொண்டு வருகிறேன். படுக்க இடம் வேண்டாம், பகலில் வந்து பார்த்துவிட்டு மாலை வண்டிக்குத் திரும்பிவிடுவேன். ஜூலை முதல் வாரம் லீவு கேட்டிருக்கிறேன். அத்தானின் கண்ணுக்கு நல்ல டாக்டரிடம் காட்டு. எண்ணெய்ப் புகை பட்டிருக்கும்.

தம்பி

*

ஜூலை 14

அக்கா,

நான் வந்திருந்தேன்.

போல்ட்டை அத்தான் கையில் கொடுக்க வேண்டுமென்று நேராக ஆலைக்குத்தான் போனேன். கேட்டில் பூட்டு. உள்ளே கம்ப்ரஸர் அறையின் கூரையில் ஒரு பக்கம் தகரமே இல்லை. காவல்காரர் மட்டும் ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தார். நான் யாரென்று சொல்லவில்லை, இன்னாரைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"அவரா? பாவம், அவருக்கு ரெண்டு கண்ணும் போச்சே தம்பி. மார்ச் கடைசியில மூடி பறந்துருச்சு. அம்மோனியா நேரா மூஞ்சியில அடிச்சுது. நெஞ்சும் வெந்துபோச்சு. பொழச்சதே பெரிசு."

"எப்படி?" என்று கேட்டேன்.

"புதுசாப் போட்ட போல்ட் ரெண்டும் மரை உரிஞ்சு வந்துருச்சாம். மிச்ச நாலு அதுக்கப்புறம்தான் முறிஞ்சுதாம். எங்க வாங்கினீங்கன்னு விசாரணையில கேட்டாங்க. அவரு, நான்தான் பழைய இரும்புல பொறுக்கிட்டு வந்தேன், மொதலாளிகிட்டக் கேக்கலைன்னு சொல்லிட்டாரு. அப்புறம் கம்பெனி நஷ்டஈடு எதுக்குக் குடுக்கும்? கையை விரிச்சுட்டாங்க."

மார்ச் கடைசி. ஏப்ரல் ஐந்தாம் தேதி நான் உனக்குக் கழற்றச் சொல்லி எழுதியபோது, கழற்றுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

சந்தைத் தெருவுக்கு வந்தேன். எதிரே மருந்துக்கடை ஓரம் நின்றேன். அத்தான் தையல் கடை வாசலில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் துண்டு. மூச்சு வாங்குவது தெருவைத் தாண்டித் தெரிந்தது. நீ உள்ளே குனிந்து தைத்துக்கொண்டிருந்தாய். கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் குருவி தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாள். "அப்பா, கைய நீட்டுங்க. இன்னும் கொஞ்சம். இந்தப் பக்கம்" என்றாள். அவர் வேறு திசையில் கையை நீட்டினார்.

நான் திரும்பிவிட்டேன். அந்த ஆறு போல்ட்டையும் ரயிலில் எங்கோ விட்டுவிட்டேன்.

நீ ஏன் அக்கா பொய் எழுதினாய்? அவர் ஏன் பொய் சொன்னார்? நான் விசாரணை அலுவலகத்துக்குப் போகப் போகிறேன். வாங்கியது நான், அனுப்பியது நான், கழுத்தைக் கொடுக்க வேண்டியவனும் நான்தான். உண்மை தெரிந்தால் கம்பெனி உங்களுக்கு ஏதாவது செய்யும். ஒரு வார்த்தை எழுது, போகிறேன்.

தம்பி

*

செப்டம்பர் 2

தம்பிக்கு,

அத்தானுக்குச் சளி கட்டி இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. அதனால் எழுத முடியவில்லை என்று சொல்லலாம். அது முழு உண்மை இல்லை.

விசாரணைக்குப் போகாதே. உன்னைப் பிடித்து உள்ளே போடுவார்கள், அவரைப் பொய் சாட்சி சொன்னவர் என்பார்கள், கம்பெனி அப்போதும் கையைத்தான் விரிக்கும். போல்ட் யார் வாங்கினாலும் ஆலைக்குத் தெரியாமல் போட்டதுதான் என்று முதலாளி எழுதிக் கொடுத்திருக்கிறார். தோளைத் தட்டினாரே, அந்த முதலாளிதான். விசாரணைக்காரர்கள் வந்து கேட்டபோது அத்தானுக்குக் கண்ணில் கட்டு அவிழ்க்கவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். உன் பெயரைச் சொல்வாரோ என்று அவர் வாயையே பார்த்தேன். அவர் சொல்லவில்லை. அவர்கள் போன பிறகு, "சின்னப் பையன், வாழ வேண்டியவன்" என்றார்.

நீ அனுப்பிய எச்சரிக்கையை வார்டில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் படித்தேன். மரை உருண்டையாக இருக்கிறதென்று எழுதியவளும் நான்தான், தேய்மானம் என்று நம்பியவளும் நான்தான். உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

உன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் பொய்யாகத் தெரிந்தது. உனக்கு ஒரு பொய் எழுதியது போதும்.

அவருக்கு இன்னும் இருட்டு பழகவில்லை. காலையில் எழுந்ததும் விளக்கைப் போடச் சொல்கிறார், அப்புறம் தானே நினைவு வந்து சும்மா இருந்துவிடுகிறார். மாடிப்படி ஏற முடியாது. டாக்டர் இனிமேல் நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்று நேராகவே சொல்லிவிட்டார். குருவி பள்ளிக்கூடம் விட்டதும் அவரைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிறாள். வழியில் பார்ப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே போகிறாள். சில சமயம் இல்லாததையும் சேர்த்துச் சொல்கிறாள்.

நீ வந்துவிட்டுப் பார்க்காமல் போனதை அவரிடம் சொல்லவில்லை. இந்தக் கடிதம் எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னேன். "அவன வரச் சொல்லு. ஒரு தடவை பக்கத்துல உக்காந்துட்டுப் போகட்டும்" என்றார்.

சொல்லிவிட்டேன் என்று அவரிடம் சொல்லிவிடுவேன். நீ வராதே தம்பி. அவரால் உன்னைப் பார்க்க முடியாது, நான் பார்க்க வேண்டியிருக்கும். கொஞ்ச காலம் போகட்டும். எவ்வளவு காலம் என்று கேட்காதே.

அக்கா